பிள்ளை பெற்ற மொழி

(கடலில் பிறந்த பேச்சு – பகுதி 8)

இதுவரை: 1863 ஆகஸ்டில் ‘டான் யுவான்’ என்ற கப்பல் 67 தீவுக்காரர்களை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இறக்கியது. பருத்தி பறிக்க வந்தவர்கள் அவர்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளில் கரும்புத் தோட்டங்களுக்காக அதே கரையில் சுமார் 62,000 ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. நியூ பிரிட்டன், நியூ அயர்லாந்து தீவுகளிலிருந்து இன்னொரு கூட்டம் சமோவாவின் ஜெர்மானியத் தோட்டங்களுக்குப் போனது.

ஒருவர் பேச்சு அடுத்தவருக்குப் புரியாத ஆட்கள். ஆனால் ஒரே கொட்டகையில் படுத்து, ஒரே வரிசையில் நின்று வேலை செய்ய வேண்டியவர்கள். ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தங்கள் தீவுகளின் வழக்கப்படி அடுக்கி, ஒரு பேச்சை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது கூலிப் பெட்டியோடு அந்தப் பேச்சும் வீடு வந்தது. 1884-இல் ஜெர்மனி நியூ கினியின் வடகிழக்கைக் கைப்பற்றியபோது, அதற்கு முன்பே அது அங்கே கரை இறங்கியிருந்தது.

யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு பேச்சு எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? சென்ற வாரம் இந்தக் கேள்வியில் நிறுத்தியிருந்தோம்.

* * *

விடியாத விடியல்

1929 ஜனவரி 3. நியூ பிரிட்டன் தீவின் ரபவுல் நகரம்.

ஜெர்மானியர் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆட்சி இப்போது ஆஸ்திரேலியர் கையில். எரிமலைகள் சூழ்ந்த அழகான துறைமுகம் அது. வெள்ளைக்காரர் வீடுகளில் அன்று காலை அடுப்பு எரியவில்லை. மணி அடித்தும் ஆள் வரவில்லை. தோட்டக்காரன் இல்லை, சமையல்காரன் இல்லை, கப்பலில் சுமை ஏற்ற ஆள் இல்லை. போலீஸைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் போலீஸ்காரர்களும் இல்லை.

ஏறத்தாழ 3,000 பேர் இரவோடு இரவாக ஊரை விட்டு வெளியேறி, பக்கத்திலிருந்த கிறிஸ்தவ மிஷன் நிலையங்களுக்கு நடந்து போயிருந்தார்கள். கூலியை உயர்த்தித் தரும்வரை திரும்புவதில்லை என்பது ஏற்பாடு. முன்னின்றவர்களில் ஒருவர் சும்சுமா. நியூ அயர்லாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து வந்து, படகுக்குத் தலைவராக உயர்ந்தவர். இன்னொருவர் ந்த்ராமேய், போலீஸில் சார்ஜென்ட் மேஜர், மானுஸ் தீவுக்காரர்.

வேலைநிறுத்தம் நீடிக்கவில்லை. பாதிரியார்கள் ஆதரிக்க மறுத்து, திரும்பிப் போகச் சொன்னார்கள். தலைவர்களுக்குச் சிறை கிடைத்தது. கூலி உயரவில்லை. ஆனால் நம் கதைக்கு இந்த நாள் மிக முக்கியமானது.

மானுஸ்காரரும் நியூ அயர்லாந்துக்காரரும் செப்பிக் ஆற்றங்கரைக்காரரும் சேர்ந்து எந்த மொழியில் ரகசியம் பேசினார்கள்? அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். எஜமானர்கள் உத்தரவு போடுவதற்காக வைத்திருந்த அதே பிட்ஜின். ‘இதைத் தூக்கு, அதை வை’ என்பதற்கு மேல் எதற்கும் உதவாது என்று அவர்கள் நினைத்திருந்த பேச்சு. அதில் ஒரு நகரத்தையே நிறுத்தும் திட்டம் பேசப்பட்டது, வெளியில் கசியவும் இல்லை.

பிட்ஜின் பற்றிப் பாடப்புத்தகங்கள் தருவது சுருக்கமான விளக்கம்: சிறிய சொற்களஞ்சியம், எளிய இலக்கணம், வணிகத்துக்கும் வேலைக்கும் மட்டுமே பயன்படும் துணைமொழி. ரபவுலில் அது இந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது என்று நான் நினைக்கிறேன். மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். நம்பிக்கை வைக்கக்கூடிய அளவுக்குத் துல்லியம் ஒரு பேச்சில் வந்துவிட்டால், அதை அரைகுறை என்று சொல்ல முடியாது.

* * *

நாமும் நாங்களும்

அந்த மொழிக்கு இன்றைய பெயர் டோக் பிசின். ‘டோக்’ என்றால் பேச்சு. ‘பிசின்’ என்பது பிட்ஜின்.

அதன் சொற்களைத் தட்டிப் பார்த்தால் கப்பல்கள் போன வழியெல்லாம் ஒலிக்கும். குழந்தைக்குப் ‘பிகினினி’, தெரிவதற்குச் ‘சாவே’: இரண்டும் போர்த்துகீசிய மாலுமிகள் வழியாக உலகத் துறைமுகங்களைச் சுற்றி வந்தவை. வெளியே தள்ளுவதற்கு ‘ரவுசிம்’: ஜெர்மானிய எஜமானன் கத்திய ‘ரவுஸ்’ அதற்குள் இருக்கிறது. முட்டைக்குக் ‘கியாவ்’: ரபவுலைச் சுற்றி வாழும் டோலாய் மக்களின் சொல். புறாவுக்கான அவர்களுடைய ‘பாலுஸ்’ என்ற சொல், வானத்தில் முதல் விமானத்தைப் பார்த்த பிறகு விமானத்துக்கும் பெயராகிவிட்டது.

பெரும்பாலான சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவைதான். அதனால்தான் கேட்ட ஆங்கிலேயர்கள் எல்லாம் ‘இது எங்கள் மொழியைச் சிதைத்த பேச்சு’ என்று முடிவு கட்டினார்கள். தமிழர்களாகிய நாம் அந்த முடிவுக்கு எளிதில் வரமாட்டோம். காரணம் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரே சொல். உன்னையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று அது சொல்லாது. தமிழில் அப்படி இல்லை. ‘நாம் சினிமாவுக்குப் போகலாம்’ என்றால் கேட்பவர் செருப்பு மாட்டத் தொடங்கலாம். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவர் வீட்டிலேயே இருக்கலாம்.

டோக் பிசினிலும் அதே பிரிப்பு இருக்கிறது. ‘யூமி’ என்றால் நாம். ‘மிபெலா’ என்றால் நாங்கள். ‘யூ’, ‘மி’ இரண்டும் ஆங்கிலச் சொற்கள். ‘பெலா’ என்பது ஆளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மருவல். உடல் ஆங்கிலம்தான். ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற அந்தக் கணக்கு மெலனேசியத் தீவு மொழிகளின் கணக்கு. அங்கே நிற்காமல் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்கிறது. ‘யூமிடுபெலா’ என்றால் நீயும் நானும் ஆக இருவர். ‘மிட்ரிபெலா’ என்றால் நீ இல்லாமல் நாங்கள் மூவர். நம் மொழிக்கே இல்லாத நுணுக்கம் இது.

கரும்புக் காட்டில் நின்றிருந்தவர்கள் ஆங்கிலத்தைத் தப்பாகக் கற்றவர்கள் அல்லர். தங்கள் மொழிகள் கேட்ட கேள்விகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு விடை எழுதியவர்கள்.

* * *

ஒழித்துவிடுங்கள்

1942 ஜனவரியில் ஜப்பானியப் படைகள் ரபவுலைப் பிடித்தன. அடுத்த மூன்றரை ஆண்டுகள் நியூ கினியின் மக்கள் சுமைதூக்கிகளாகவும் வழிகாட்டிகளாகவும் சிப்பாய்களாகவும் தங்கள் பள்ளத்தாக்குகளை விட்டு வெளியே இழுக்கப்பட்டார்கள். நேசநாட்டு விமானங்கள் பிட்ஜினில் அச்சடித்த துண்டறிக்கைகளைக் காடுகளின் மேல் கொட்டின. ஜப்பானியரும் மக்களிடம் பேச அதே மொழியைத்தான் எடுத்தார்கள். எதிரிகள் இருவரும் ஒரு மொழியைத் தவிர்க்க முடியாமல் பயன்படுத்திய நாட்கள் அவை.

போர் முடிந்தது. ஆட்சி மறுபடி ஆஸ்திரேலியர் கைக்கு வந்தது. 1953-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி மன்றம் ஆஸ்திரேலியாவை வற்புறுத்தியது: இந்தப் பிட்ஜினை ஒழிக்க நடவடிக்கை எடுங்கள்.

அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்பதை ஏற்க வேண்டும். அடிமைத்தனத்தின் எச்சம் இது, மக்களைக் கீழே வைத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். எஜமானனை ‘மாஸ்டா’ என்றும் கூலியைப் ‘போய்’ (பையன்) என்றும் விளிக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கூலியை அவமதித்தது எஜமானன். தண்டனை மட்டும் கூலி தானே கட்டிய மொழிக்கா?

ராபர்ட் ஹால் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதைப் பொறுக்கவில்லை. 1955-இல் சிட்னியிலிருந்து அவருடைய சிறு நூல் வந்தது. ‘பிட்ஜின் மேல் கை வைக்காதீர்கள்’ என்பதே தலைப்பின் பொருள். இதற்கு இலக்கணம் உண்டு, விதி உண்டு, தப்பாகப் பேசினால் தப்பு என்று சொல்ல ஆள் உண்டு என்று அவர் எடுத்துக்காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957-இல், பிராங்க் மிஹாலிக் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார்.

இதே ஹால்தான் பின்னர் 1962-இல், பிட்ஜினுக்கு ஒரு வாழ்க்கைச் சுழற்சி உண்டு என்று எழுதினார். தேவைக்காகப் பிறக்கிறது, தேவை தீர்ந்தால் இறக்கிறது, இறக்காமல் ஒரு தலைமுறைக்குத் தாய்மொழியாகிவிட்டால் அது கிரியோல்.

ஹெயிட்டியிலும் மொரீஷியஸிலும் கிரியோல்கள் உருவானது ஒலிநாடா இல்லாத நூற்றாண்டுகளில். முதல் பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்று கேட்க வழியில்லை. நியூ கினியில் அந்தப் பிறப்பு எல்லார் கண்முன்னும் நடக்கத் தொடங்கியிருந்தது.

* * *

லாய் நகரத்துச் சமையலறை

லாய் ஒரு விமான ஓடுதளத்தைச் சுற்றி முளைத்த ஊர். மலைக்கு அப்பால் தங்கம் கிடைத்தது, சாலை போட முடியவில்லை. ஆகவே எல்லாம் வானத்தில் போனது. 1930-களில் தங்கம் அள்ளும் பிரம்மாண்ட எந்திரங்களைத் துண்டு துண்டாக்கி விமானத்தில் புலோலோவுக்குத் தூக்கிச் சென்றார்கள். 1937 ஜூலை 2 அன்று விமானி அமீலியா ஏர்ஹார்ட் கடைசியாகப் புறப்பட்டதும் இந்த ஓடுதளத்திலிருந்துதான்.

போருக்குப் பிறகு இளைஞர்கள் வேலை தேடி லாய்க்கு வந்தார்கள். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. தோட்டங்களில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் போய்த் தன் மொழிக்காரியைக் கட்டினார்கள். நகரத்தில் அந்தக் கட்டு தளர்ந்தது. செப்பிக் கரையிலிருந்து வந்தவன் மொரோபே மலைக்காரியைக் கலியாணம் செய்துகொண்டான். அவனுக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு அவன் மொழி தெரியாது.

ஒரு மொழியின் தலையெழுத்து அங்கே மாறியது. எந்த அரசாணையும் இல்லை, எந்த மாநாடும் இல்லை. மாலையில் ஒரு பெண் கிழங்கு வேகவைத்தபடி கணவனிடம் வீட்டுச் செலவு பற்றிச் சண்டை போட்டாள், பிட்ஜினில். தொட்டிலில் கிடந்த குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் காதில் முதலில் விழுந்த மொழி அதுதான். தோட்டத்தில் கேட்ட உத்தரவு அல்ல, சந்தையில் கேட்ட பேரமும் அல்ல. அம்மாவின் கோபமும் அப்பாவின் சமாதானமும் அதில் வந்தன. அந்தப் பிள்ளைக்கு வேறு மொழி ஏது? கனவும் அதில்தான் வர வேண்டும்.

* * *

தேய்ந்த ஒரு சொல்

1970-களின் தொடக்கத்தில் ஜில்லியன் சாங்கோஃப் என்ற கனடியப் பெண் ஆய்வாளர் லாய் வீடுகளில் பேச்சைப் பதிவு செய்தார். அவரும் சூசன் லபெர்ஜும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1973-இல் வந்தது. தலைப்பிலேயே ஒரு திருப்பம் இருந்தது. வழக்கமாக மனிதர்கள் மொழியைப் பெறுவார்கள். இவர்கள், ஒரு மொழி தனக்குத் தாய்மொழியாளர்களைப் பெற்றது பற்றி எழுதினார்கள்.

அவர்கள் துரத்தியது ஒரு சின்னஞ்சிறு சொல்லை. ‘பைம்பை’. பஸ்ஸில் வரும் ‘ப’ போட்டுச் சொல்ல வேண்டும். பழைய கடற்கரை ஆங்கிலத்தில் ‘பிறகு, கொஞ்ச நேரம் கழித்து’ என்று அதற்குப் பொருள். தோட்டக் காலத்தில் வாக்கியத்தின் முன்னால் நின்றது. ‘பைம்பை மி கோ’: பிறகு, நான் போ. எதிர்காலத்துக்கு வேறு வழியில்லாததால், அந்தப் ‘பிறகு’ சுமையைத் தூக்கியது.

பின்பு அது ‘பை’ என்று குறுகியது. ‘பை மி கோ’ என்றால் நான் போவேன். மெல்ல மெல்ல வாக்கியத்தின் தலையிலிருந்து இறங்கி வினையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ‘எம் பை கோ’ என்றால் அவன் போவான். ‘நாளை’ என்று தனியே சொன்ன பிறகும் ‘பை’ போட்டாக வேண்டும் என்ற நிலை வந்தது. ‘நாளை’ இருக்கும்போது ‘பிறகு’ எதற்கு? பொருளுக்குத் தேவையில்லை, இலக்கணத்துக்குத் தேவை. அப்படியானால் அது ஒரு தனிச் சொல்லாக இருப்பதை விட்டுவிட்டு, காலம் காட்டும் உறுப்பாகிவிட்டது.

பிள்ளைகளின் நாடாக்களைக் கேட்டபோது இன்னொன்று தெரிந்தது. பெரியவர்கள் ‘பை’யைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள். பிள்ளைகளின் வேகத்தில் அழுத்தம் போய், உயிரொலி தேய்ந்து, ‘ப’ என்ற ஒரு மூச்சு மட்டும் நின்றது. ‘எம் ப கோ’. காதில் விழுவதற்குள் கடந்துபோகிறது.

இது நமக்கு அந்நியமானதே இல்லை. ‘விடு’ என்றால் கையை விடுவது. ‘வந்துவிட்டான்’ என்பதில் யாரும் எதையும் கைவிடவில்லை. செயல் முடிந்தது என்று மட்டும் காட்டுகிறது. வாயில் அது ‘வந்துட்டான்’. ‘விடு’ எங்கே போனது? ‘கொண்டு’ என்ற முழுச்சொல் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ வழியாக ‘வந்துட்டிருக்கேன்’ ஆனதும் இதே பாதைதான். டோக் பிசினிலும் செயல் முடிந்ததைக் காட்ட ‘பினிஸ்’ இருக்கிறது. ‘மி கைகை பினிஸ்’: நான் சாப்பிட்டுவிட்டேன். நம்மிடம் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட பயணம், அங்கே மூன்று நான்கு தலைமுறைக்குள் நடந்திருக்கிறது.

* * *

கட்டியது யார்?

இங்கே அறிஞர்கள் இரண்டு கட்சி ஆனார்கள்.

டெரிக் பிக்கர்டன் ஹவாயின் கரும்புத் தோட்டங்களைப் பார்த்தவர். ஜப்பான், சீனா, போர்ச்சுகல், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டுக் கூலிகள் அங்கே குவிந்தார்கள். முதியவர்கள் பேசியது ஒருவருக்கொருவர் ஒத்துவராத உடைந்த பேச்சு. அவர்களின் பிள்ளைகள் பேசியதோ ஒழுங்கான இலக்கணம் கொண்ட மொழி. அந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது? பிறக்கும்போதே மூளையில் இருந்த வரைபடத்திலிருந்து, ஒரே தலைமுறையில் பிள்ளைகள் உருவாக்கினார்கள் என்று 1981-இல் எழுதினார். கேட்பவரைக் கட்டிப்போடும் கதை அது.

லாய் நகரம் அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. ‘பை’ வினையின் பக்கம் நகரத் தொடங்கியது பெரியவர்கள் வாயிலேயே. தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகள் அநேகமாக இல்லாத காலத்திலேயே ரபவுலின் கூலிகள் அதில் ரகசியத் திட்டம் போட்டார்கள். பிள்ளைகள் செய்தது என்ன? ஓடிக்கொண்டிருந்த ஆற்றைச் சரிவில் விட்டார்கள். வேகம் கொடுத்தார்கள், தயக்கத்தை நீக்கினார்கள், முனைகளைத் தேய்த்தார்கள். இரண்டாம் மொழியாகப் பேசுகிறவன் யோசித்துப் பேசுவான். தாய்மொழிக்காரன் யோசிப்பதே இல்லை.

ஹவாயிலும்கூடப் பின்னாளில் பழைய ஆவணங்களைத் தோண்டியபோது, மாற்றம் ஒரே தலைமுறையில் அல்ல, இரண்டு தலைமுறையில் நடந்ததாகத் தெரியவந்தது. என் மனம் லாய் பக்கம்தான் சாய்கிறது. குழந்தைகளின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெயர் தெரியாத கூலிகளின் பங்கை மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். படிப்பில்லாத, ஊர் விட்டு ஊர் வந்த, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த மனிதர்கள் ஒரு மொழியின் அஸ்திவாரத்தைப் போட்டார்கள். பேரப்பிள்ளைகள் அதன் மேல் வீடு கட்டிக் குடிவந்தார்கள்.

* * *

மன்றத்தில் ஏறிய மொழி

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1964-இல் கூடிய சட்டமன்றத்தில் ஆங்கிலம், ஹிரி மோட்டு, பிட்ஜின் மூன்றிலும் பேச வழி செய்யப்பட்டது. உறுப்பினர்கள் பிட்ஜினைத்தான் அதிகம் எடுத்தார்கள். 1969-இல் புதிய ஏற்பாடு அந்த மொழியில் வந்தது. 1970-இல் அதே மிஹாலிக் பாதிரியார் வேவாக் நகரில் ‘வான்டோக்’ பத்திரிகையைத் தொடங்கினார். ‘ஒரே பேச்சுக்காரன்’ என்று பொருள். தன் மொழி பேசுகிறவன் என்பதால் சோறும் படுக்க இடமும் கேட்கும் உரிமை உள்ளவன் அவன்.

1975 செப்டம்பர் 16. பப்புவா நியூ கினி விடுதலை பெற்றது. ஐ.நா. மன்றம் ஒழிக்கச் சொல்லி இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

வெற்றிக் கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

* * *

காபுன்

செப்பிக் ஆற்றுக்கும் ராமு ஆற்றுக்கும் இடையே, சதுப்புக் காட்டுக்குள், காபுன் என்று ஒரு கிராமம். 1980-களின் நடுவில் டான் குலிக் என்ற இளம் மானிடவியலாளர் அங்கே போய்ச் சேர்ந்தபோது, மொத்தம் ஏறத்தாழ நூறு பேர்தான் இருந்தார்கள். அவர்களுக்கென்று தாயாப் என்ற மொழி இருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது பேசப்படவில்லை. வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு இருப்பதாக நிறுவப்படவும் இல்லை.

காபுன் நகரம் அல்ல. வேற்று ஊர்க்காரர்கள் குவிந்த இடம் அல்ல. அங்கே தோட்டம் இல்லை, தொழிற்சாலை இல்லை, சாலையும் இல்லை. பெரியவர்கள் எல்லாரும் தாயாப் பேசினார்கள். அந்த மொழி சாவதற்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒரு காரணமும் இல்லை.

ஆனால் பத்து வயதுக்குக் கீழே இருந்த ஒரு குழந்தையும் தாயாப் பேசவில்லை. எல்லாரும் டோக் பிசின் பேசினார்கள்.

குலிக் பெற்றோரைக் கேட்டார். ‘நாங்கள் தாயாப்தான் பேசுகிறோம். பிள்ளைகள்தான் பிடிவாதக்காரர்கள், வேண்டாம் என்கிறார்கள்’ என்பது அவர்கள் பதிலாக இருந்தது. அவர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அந்த வீடுகளில் உட்கார்ந்தார்.

ஒரு மொழிக்குப் பிள்ளைகள் கிடைத்ததை இந்த வாரம் பார்த்தோம். தாயாப் மொழியிடமிருந்து அதன் பிள்ளைகளைப் பிரித்தது யார்? பிள்ளைகளேவா, பெற்றோரா? அந்த நாடாக்களில் பதிவானதை அடுத்த வாரம் கேட்போம்.